விளக்கா, பானையா: ஜனாதிபதி முறையை அகற்றினால் அதன் இடத்தில் எதை வைப்பது?

1982 டிசம்பர் 22 அன்று இலங்கை வாக்காளர்களிடம் கொடுக்கப்பட்ட வாக்குச் சீட்டில் இரண்டு சின்னங்கள் மட்டுமே இருந்தன. இருக்கிற நாடாளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத் தேர்தல் இல்லாமலே மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டிக்கச் சம்மதிப்பவர் விளக்குக்கும், மறுப்பவர் பானைக்கும் புள்ளடியிட வேண்டும். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது நடந்த அந்த வாக்கெடுப்பில் விளக்கு 54.7 சதவீத வாக்குகளைப் பெற்றது. 1977 இல் 50.9 சதவீத வாக்குகளைக் கொண்டு 168 ஆசனங்களில் 140 ஐக் கைப்பற்றியிருந்த ஐக்கிய தேசியக் கட்சி, அந்தப் பெரும்பான்மையை 1989 வரை பொதுத் தேர்தல் எதற்கும் உட்படுத்தாமல் வைத்துக்கொண்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பானைக்கே விழுந்தன; நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணிய கணக்கில் அதற்கு எந்தப் பெறுமதியும் இருக்கவில்லை. இலங்கையில் நாடளாவிய அளவில் நடந்த ஒரே சர்வஜன வாக்கெடுப்பு அதுதான்.

இரண்டாவது சர்வஜன வாக்கெடுப்புக்கான தேவை பல ஆண்டுகளாகவே நிலுவையில் நிற்கிறது. 1994 இல் சந்திரிகா குமாரதுங்க நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை 1995 ஜூலை 15 க்குள் ஒழிப்பதாக வாக்களித்தார். அதன்பின் வந்தவர்களில் பலரும் அதே வாக்குறுதியுடன் அந்தக் கதிரையில் ஏறி, அதில் அமர்ந்த பிறகு அதன் வசதியைக் கண்டுகொண்டார்கள். 2024 இல் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தியும் அதை ஒழிப்பதாகச் சொல்லியே வாக்குக் கேட்டது. முன்னையவர்களில் பலருக்கு இல்லாத ஒன்று அந்தக் கட்சிக்குக் கிடைத்தது: 225 பேர் கொண்ட அவையில் 159 ஆசனங்கள், அதாவது கூட்டாளிகள் எவரும் தேவைப்படாத மூன்றில் இரண்டு பெரும்பான்மை. ஜனாதிபதி முறையை அகற்ற அந்தப் பெரும்பான்மையோடு மக்களின் ஒப்புதலும் தேவை. ஆகவே ஒழிப்பதா வேண்டாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. ஒழித்தால் அந்த அதிகாரம் எங்கே போய்ச் சேரும் என்பதையே இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

முதல் தெரிவு, இருக்கிற முறையையே கடிவாளமிட்டு வைத்துக்கொள்வது. பின்னாளில் முதல் நிறைவேற்று அதிகார ஜனாதிபதியான ஜே. ஆர். ஜெயவர்தன இந்த முறையை 1966 இலேயே பரிந்துரைத்தார். நாடாளுமன்றத்தின் சலனங்களுக்கு அஞ்சாமல் நீண்டகாலத் திட்டங்களை நிறைவேற்றக்கூடிய ஆட்சித் தலைவர் வேண்டும் என்பது அவருடைய வாதம். அது வெறும் சாக்காக இருக்கவில்லை: 1960 மார்ச்சில் அமைந்த டட்லி சேனநாயக்க அரசு அடுத்த மாதமே சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் வீழ்ந்தது, 1964 டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு கட்சி தாவலினால் ஒரே வாக்கில் தோற்றது. ஆனால் 1978 அரசியலமைப்பு உருவாக்கிய பதவி, அந்த நோய்க்கு வேண்டிய மருந்தின் அளவைப் பன்மடங்கு மிஞ்சியிருந்தது. ஜனாதிபதியே அரசின் தலைவர், அமைச்சரவையின் தலைவர், முப்படைகளின் தளபதி. பதவியில் இருக்கும்வரை வழக்குத் தொடர முடியாத காப்பும் அவருக்கு உண்டு. அத்தனையும் போதாமல், தம் கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடாத பதவி விலகல் கடிதங்களையும் ஜெயவர்தன வாங்கி வைத்துக்கொண்டார்.

கடிவாளம் போடும் முயற்சிகளின் வரலாறு ஊஞ்சலாட்டத்தை ஒத்தது. 2001 இன் 17 ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கி, நீதியரசர்கள், ஆணைக்குழுக்கள் ஆகியோரின் நியமனத்தில் ஜனாதிபதியின் தன்னிச்சையைக் கட்டுப்படுத்தியது. 2010 இன் 18 ஆம் திருத்தம் அதைத் தகர்த்ததோடு, ஒருவர் இரு தடவைகள் மட்டுமே பதவி வகிக்கலாம் என்ற வரம்பையும் நீக்கியது. 2015 இன் 19 ஆம் திருத்தம் இரண்டையும் மீட்டது. 2020 இன் 20 ஆம் திருத்தம் பேரவையை மறுபடி பறித்தது. 2022 இன் 21 ஆம் திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விவரம் உண்டு. 18 ஆம் திருத்தத்தை 161 வாக்குகளால் நிறைவேற்றியதும், அதற்கு நேரெதிரான 19 ஆம் திருத்தத்தை ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேற்றியதும் ஒரே நாடாளுமன்றம்தான், 2010 இல் தெரிவான அதே உறுப்பினர்கள்தான். இடையில் மாறியது ஜனாதிபதிக் கதிரையில் இருந்தவர் மட்டுமே. கடிவாளம் குதிரையின் கையிலேயே இருந்தால் இப்படித்தான் ஆகும்.

ஆயினும் 19 ஆம் திருத்தம் ஒருமுறை உண்மையிலேயே வேலை செய்தது. 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை அந்த இடத்தில் அமர்த்தினார். ராஜபக்சவுக்கு 113 உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்ட முடியாமற்போகவே, நவம்பர் 9 அன்று சிறிசேன நாடாளுமன்றத்தையே கலைத்தார். நாலரை ஆண்டுகள் கழியுமுன் அவ்வாறு கலைக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். (தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் தலைமை நீதிமன்றத்தின் பெயர்.) மனுதாரர்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஒன்று. அந்தச் சில வாரங்களில் அவையின் எண்ணிக்கையைத் தீர்மானித்ததும் அதன் உறுப்பினர்களின் வாக்குகள்தான்.

இதே முறையின் மூலமாதிரி என்று சொல்லப்படும் பிரான்சில் 1986 க்கும் 2002 க்கும் இடையே மூன்று தடவைகள் ஜனாதிபதி ஒரு முகாமையும் பிரதமர் எதிர்முகாமையும் சேர்ந்தவர்களாக இருந்தும் அரசு நிலைகுலையவில்லை. இலங்கையில் 2001 இல் தொடங்கிய அத்தகைய கூட்டு வாழ்வு 2003 நவம்பரில், பிரதமர் வாஷிங்டனில் இருந்தபோது ஜனாதிபதி மூன்று அமைச்சுகளைப் பறித்துக்கொண்டதோடு முறிந்தது. மனிதர்களின் குணத்தை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. பிரான்சில் எதிர்முகாம் பெரும்பான்மை பெற்றுவிட்டால் உள்நாட்டு நிர்வாகம் பிரதமரிடம் போய்விடும். இலங்கையிலோ ஜனாதிபதியே அமைச்சரவையின் தலைவராகத் தொடர்வதால், ஒரே மேசையின் தலைமாட்டில் இரண்டு கதிரைகள் போடப்படுகின்றன.

இந்த முறையின் மிகப் பெரிய குறையை 2022 இன் பொருளாதார நெருக்கடி காட்டியது. ஏப்ரல் தொடக்கத்தில் பிரதமர் தவிர்ந்த அமைச்சரவை கூண்டோடு விலகியது. ஆளும் கூட்டணியிலிருந்து ஏறக்குறைய நாற்பது உறுப்பினர்கள் சுயாதீனமாக இயங்கப்போவதாக அறிவித்தனர். ஒரு பிரதமராக இருந்திருந்தால் கோட்டாபய ராஜபக்ச அந்த வாரத்திலேயே நம்பிக்கையில்லாப் பிரேரணையை எதிர்கொண்டிருப்பார். ஜனாதிபதியை நீக்குவதற்கோ மூன்றில் இரண்டு பெரும்பான்மை, உயர் நீதிமன்ற விசாரணை, மறுபடியும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை என்று படிகள் உள்ளன. 1991 இல் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராக எடுக்கப்பட்ட முயற்சி முதற் படியிலேயே சறுக்கியது. சட்டத்தின் வாசல் அடைபட்டிருந்ததால் மக்கள் ஜூலை 9 அன்று மாளிகையின் வாசலைத் திறந்துகொண்டார்கள். ஒரு தலைவரை விலக்க எரிபொருள் வரிசையில் காய்ந்த மக்கள் மாளிகைக்குள் புக வேண்டியிருந்தது என்றால், அந்த முறையை உறுதியான முறை என்று அழைப்பது எனக்கு விளங்கவில்லை.

அப்படியிருந்தும் இந்த முறையைக் கைவிட வேண்டாம் என்று வாதிடும் தமிழரும் முஸ்லிம்களும் உண்டு. அவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. நாடு முழுவதும் ஒரே தொகுதியாகும்போது சிங்கள வாக்குகள் இரண்டாகப் பிரிந்தால் எண்ணிக்கையில் சிறுபான்மையினர் தராசின் முள்ளாகிறார்கள் என்பது அந்த வாதம். 1988 இல் முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவு தேவைப்பட்ட பிரேமதாச, மாவட்டங்களில் ஆசனம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்க வழிசெய்தார். சிறு கட்சிகள் இன்றும் உயிர்வாழ்வது அதனால்தான். 2015 இல் சிறிசேன 51.28 சதவீதத்துடன் வென்றபோது வடக்கு கிழக்கு வாக்குகள் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. 2005 இல் விடுதலைப் புலிகள் வலியுறுத்திய புறக்கணிப்பினால் வடக்கு வாக்களிக்காதபோது மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதத்தில் தப்பினார். ஆனால் 2019 இந்தக் கணக்கைக் குலைத்துவிட்டது. வடக்கும் கிழக்கும் பெருவாரியாக சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தும் கோட்டாபய 52.25 சதவீதம் பெற்றார். பெரும்பான்மைச் சமூகம் ஒருமுகப்பட்டால் தராசின் முள் தராசிலேயே இல்லாமற்போகும். மேலும், அந்தப் பேரம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. வாக்கை வாங்கியவரிடம் அடுத்த நாள் கணக்குக் கேட்க எந்தக் கருவியும் கையில் இருப்பதில்லை.

இரண்டாவது தெரிவு, 1947 இன் சோல்பரி அரசியலமைப்பு தந்த பழைய வெஸ்ட்மின்ஸ்டர் முறைக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்குப் பொறுப்புச் சொல்லும் பிரித்தானிய பாணிப் பிரதமர் ஆட்சிக்கு, திரும்புவது. அந்த முப்பது ஆண்டுகளில் 1956, 1960, 1965, 1970, 1977 என ஆட்சி தேர்தல் மூலம் திரும்பத் திரும்பக் கைமாறியது. தோற்ற பிரதமர் வீட்டுக்குப் போனார். 1977 க்குப் பிறகு அடுத்த ஆட்சி மாற்றத்துக்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதோடு ஒப்பிட்டால், ஜனநாயகத்தைத் தக்கவைக்கும் முதற் பரீட்சையில் பழைய முறைக்கே கூடுதல் புள்ளிகள்.

சிறுபான்மையினரைக் காக்கும் இரண்டாம் பரீட்சையில் அது படுதோல்வி அடைந்தது. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 இன் குடியுரிமைச் சட்டத்தையும், அவர்களின் வாக்குரிமையைப் பறித்த 1949 இன் சட்டத்தையும், 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தையும் இயற்றியது எந்த ஜனாதிபதியும் அல்ல; அமைச்சரவை பொறுப்புச் சொல்லும், அச்சுப் பிசகாத வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம்தான். எந்தச் சமூகத்துக்கும் பாதகமான சட்டம் இயற்றலாகாது என்று அந்த அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு சொன்னது. அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1953 இல் குடியுரிமைச் சட்டம் அதை மீறவில்லை என்று கூறிவிட்டது. பேரம் பேசும் வலு அங்கே இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது: 1957 இல் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவுடனும் 1965 இல் டட்லியுடனும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் ஒப்பந்தம் செய்தார், டட்லியின் அமைச்சரவையில் அக்கட்சியின் மு. திருச்செல்வம் இடம்பெற்றார். முதல் ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழிக்கப்பட்டது. இரண்டாவது ஒப்பந்தம் வாக்களித்த மாவட்ட சபைகள் வரவேயில்லை, 1968 இல் தமிழரசுக் கட்சி அரசிலிருந்து விலகியது. சிறு பெரும்பான்மையில் தொங்கும் பிரதமர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அளவுக்கு மட்டுமே பலமுள்ளவர், அதைக் காப்பாற்றும் அளவுக்கு அல்ல.

பழைய முறையின் விஷம் பிரதமர் பதவியைவிடத் தொகுதிவாரித் தேர்தலிலேயே அதிகம் இருந்தது என்பது என் கணிப்பு. 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீத வாக்குகளைப் பெற்று 17 ஆசனங்களுடன் நின்றது. அதைவிட ஒரு சதவீதம் குறைவாகப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனங்கள். அந்தச் செயற்கைப் பெரும்பான்மையைக் கொண்டே 1972 அரசியலமைப்பு ஆக்கப்பட்டு, 29 ஆம் பிரிவு கைவிடப்பட்டது. நாடாளுமன்றத்தின் ஆயுளும் இரண்டு ஆண்டுகள் நீண்டது. 1977 இல் ஊஞ்சல் மறுபக்கம் போய் 140 ஆசனங்களைக் கொடுத்தது. அதிலிருந்து ஜெயவர்தனவின் ஜனாதிபதி முறை பிறந்தது. ஆகவே விகிதாசாரத் தேர்தலைக் கைவிட்டு வெஸ்ட்மின்ஸ்டருக்குத் திரும்புவது, தேள் கொட்டுக்கு அஞ்சிப் பாம்புப் புற்றில் கை விடுவதாகும்.

நாடாளுமன்றமே தெரிவு செய்யும் நிறைவேற்று ஜனாதிபதி என்ற தென்னாபிரிக்க ஏற்பாடு மூன்றாவது தெரிவு. 2018 இல் ஜேக்கப் சூமாவைக் கட்சியே பதவி விலகச் செய்தது போல, தலைவரை நீக்குவது அங்கே எளிது. ஆனால் பெயரும் மாளிகையும் படைத் தளபதிப் பதவியும் அப்படியே இருக்கும்போது பழைய பழக்கங்களும் அப்படியே இருக்கும். இலங்கைக்கு இதனால் கிடைக்கும் கூடுதல் நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதைவிட ஆராயத்தக்கது, விகிதாசாரத் தேர்தலோடு சேர்ந்த பிரதமர் ஆட்சி. இதில் 1960, 1964 நிலைமைகளைத் தடுக்க ஜெர்மனி ஒரு பூட்டு வைத்திருக்கிறது: அடுத்த தலைவர் யார் என்று பெரும்பான்மையோடு பெயர் சொன்னால்தான் இருப்பவரை நீக்கலாம். 1982 இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்ததும், 2018 இல் ஸ்பெயினில் ரஹோயின் இடத்துக்குப் பெட்ரோ சான்செஸ் வந்ததும் இவ்வழியில்தான். ஜெயவர்தன கேட்ட நிலைத்தன்மையை இந்தப் பூட்டு தந்துவிடும். அதற்காக ஒரு தனிமனிதரைச் சட்டத்துக்கு மேலே தூக்கி வைக்க வேண்டியதில்லை. கூட்டணி தேவைப்படும் அவையில் சிறு கட்சிகளின் பேரமும் ஒரே நாளில் தீர்ந்துபோகாமல், ஒவ்வொரு வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பிலும் புதுப்பிக்கப்படும்.

இதையும் மயங்கி ஏற்க முடியாது. ஹங்கேரியில் இந்தப் பூட்டும் உண்டு, நாடாளுமன்ற ஆட்சியும் உண்டு. 2010 இல் விக்டர் ஓர்பானின் கட்சி பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளைக் கொண்டு மூன்றில் இரண்டு பங்கு ஆசனங்களைப் பெற்றது; தானாகவே ஒரு புதிய அரசியலமைப்பை எழுதி 2012 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜனாதிபதியா பிரதமரா என்பதைவிட, மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதே பெரிய கேள்வி என்று அங்கிருந்து தெரிகிறது.

இலங்கையில் அது எவ்வளவு மலிவு? விகிதாசாரம் வந்தபின் எவருக்கும் அந்தப் பெரும்பான்மை கிடைக்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2010 இலும் 2020 இலும் கட்சி தாவியவர்களும் கூட்டாளிகளும் அதைத் திரட்டிக் கொடுத்தார்கள். 2024 இல் 61.56 சதவீத வாக்குகளுக்கு 159 ஆசனங்கள், அதாவது அவையில் 70 சதவீதத்துக்கும் மேல், ஒரே கட்சிக்கு வந்தன. இடைவெளிக்குக் காரணம் தேர்தல் பொறியிலேயே இருக்கிறது: 196 உறுப்பினர்கள் 22 மாவட்டங்களிலிருந்து தெரிவாகிறார்கள், ஒவ்வொரு மாவட்டத்திலும் முதலில் வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போய்விடுகிறது, மீதி 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறார்கள். பிரதமர் முறைக்கு மாறும்போது போனஸ் ஆசனங்களை நீக்கி, தேசியப் பட்டியலை மாவட்டங்களில் வீணான வாக்குகளை ஈடுசெய்யப் பயன்படுத்தினால், மூன்றில் இரண்டுக்கு உண்மையிலேயே மூன்றில் இரண்டு பங்கு மக்களின் ஆதரவு தேவைப்படும். அடிப்படைச் சட்டங்களுக்கு மாகாணங்களின் இரண்டாம் அவை ஒன்றின் ஒப்புதலையும் சேர்த்தால் தடை இன்னும் பலப்படும். 1971 இல் ஒழிக்கப்பட்ட பழைய செனட் சபையை இதற்கு மாதிரியாகக் கொள்ளலாகாது. அதன் முப்பது பேரில் பாதியைக் கீழவையும் மறுபாதியைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதியும் தெரிவு செய்ததால், அது கீழவையின் நிழலாகவே இருந்தது.

இலங்கை மறந்துவிட்ட இன்னொரு முறையையும் சொல்லத்தான் வேண்டும். 1931 இன் டொனமூர் ஏற்பாட்டில் அரசாங்க சபையின் உறுப்பினர் அனைவரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, குழுத் தலைவர்கள் அமைச்சர்களானார்கள். எதிர்க்கட்சி என்ற சொல்லுக்கே இடமில்லாத, சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சிக் குழுவை ஓரளவு நினைவூட்டும் முறை. எல்லாச் சமூகங்களும் ஆட்சியில் பங்குபெறும் என்பது நோக்கம். 1936 இல் குழு உறுப்பினர்களைத் திட்டமிட்டுப் பங்கிட்டதன் மூலம் எல்லாத் தலைவர்களும் சிங்களவர்களாகவே தெரிவானார்கள். பங்கீட்டைச் சட்டத்தில் எழுதாமல் நல்லெண்ணத்தில் விட்டால் எந்த முறையும் இப்படி வளைக்கப்படும்.

ஜனநாயகம் இப்போது சந்திக்கும் சிக்கல் இவ்வளவு ஆரவாரமாகவும் வருவதில்லை. 1982 இல் தேர்தலைத் தவிர்ப்பதற்கு ஒரு வாக்கெடுப்பாவது நடத்தினார்கள். மாகாண சபைகளுக்கான கடைசித் தேர்தல்கள் 2014 இல் முடிந்தன. 2017 இல் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றிய சட்டம் எல்லை நிர்ணயத்தில் சிக்கிக்கொண்டது. ஒன்றன்பின் ஒன்றாகப் பதவிக்காலம் முடிந்த சபைகள் ஆளுநர்களின் கையில் விடப்பட்டன. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் தள்ளிப்போய், அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த பிறகு, 2025 மே மாதத்தில்தான் நடந்தது. இந்தத் தாமதங்களுக்கு ஜனாதிபதி முறை மட்டும் காரணமல்ல. மாகாண சபைத் தேர்தலை முடக்கிய சட்டத்துக்குக் கை உயர்த்தியது நாடாளுமன்றம். தேர்தல் திகதியை அரசின் விருப்பத்துக்கு விடாமல் அரசியலமைப்பிலேயே எழுதி, அதற்கான நிதியையும் திறைசேரி தடுக்க முடியாதபடி ஒதுக்குவது, எந்த முறையைத் தெரிந்தாலும் வேண்டியதாகும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், விகிதாசாரத்தோடும் ஜெர்மானியப் பூட்டோடும் கூடிய பிரதமர் முறையே இருப்பவற்றில் மேலானது என்று கருதுகிறேன். ஆனால் போனஸ் ஆசனங்களையும் ஆளுநர் பதவியையும் தொடாமல் வந்தால் அதைவிட இன்றைய முறையே குறைந்த ஆபத்து. மாகாண சபைகளை உருவாக்கிய 13 ஆம் திருத்தத்தின் கீழ் மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் இருக்கிறது. ஜனாதிபதி பெயரளவில் மட்டும் இருக்கப்போகிறார் என்றால், ஆளுநர் இனி யாருடைய ஆள் என்ற கேள்வி எழும். கொழும்பில் உள்ள பிரதமரின் ஆலோசனைப்படி அவர் நியமிக்கப்பட்டால், ஒருவரிடமிருந்த சாவி இன்னொருவரிடம் போகும், அவ்வளவுதான். முதலமைச்சரின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டே அவர் இயங்க வேண்டும் என்று எழுதினால்தான் பூட்டு மாறும்.

சர்வஜன வாக்கெடுப்பில் மக்கள் இந்த அம்சங்களைத் தனித்தனியாகத் தெரிவு செய்ய முடியாது. முழுச் சட்டமூலமும் ஒரே கேள்வியாகத்தான் வாக்குச் சீட்டில் வரும். ஜனாதிபதி முறையை ஒழிக்க விரும்புகிறவர், அதனோடு கட்டிவைக்கப்பட்ட ஆளுநரையும் போனஸ் ஆசனத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும். எனவே தமிழ், முஸ்லிம், மலையகக் கட்சிகள் பேசவேண்டிய இடம் பிரசார மேடை அன்று, சட்டமூலம் வரையப்படும் அறை. பேசவேண்டிய காலம், அது வர்த்தமானியில் வெளியாவதற்கு முன்.